யாரும் வாழாத வீடு

ஒரு ஆபத்தை எல்லோருக்கும் முன்பாகக் கண்டுகொண்ட மனிதன், அந்த ஆபத்து வராமலே போய்விட்டால் மனதார மகிழ்வானா? ‘நல்ல வேளை’ என்று வாய் சொல்லும். மனம் என்ன சொல்லும்? வாசுதேவனை அறிந்தவர்கள் அவரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். மற்றபடி அவர் வாழ்க்கையில் கேட்பதற்கு அதிகம் இல்லை.

கிண்டியில் சிவில் எஞ்சினியரிங் முடித்து, உதவித்தொகையில் 1963-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டுக்கு வந்தவர். மண்ணின் குணங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு, அதே ஊரில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தார். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. மனைவி சாந்தா ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தாள். குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வந்து சாம்பார் வைப்பார்கள். துவரம்பருப்பு தீர்ந்துபோன வாரங்களில் ஜெர்மன் கடையின் பட்டாணிப் பருப்பில் வைப்பார்கள். அமைதியானவர், அடக்கமானவர் என்று ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர். அமைதியானவர் என்பது சரி. அடக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது வேறொன்று. தான் சொல்வது சரி என்பதில் சந்தேகமே இல்லாதவர்களுக்குக் குரலை உயர்த்த வேண்டிய தேவை வருவதில்லை.

1967-ல் சஹாராவின் தென் ஓரத்து நாடு ஒன்றுக்காக அந்த ஆய்வுக்கூடம் ஒரு வேலையை ஏற்றது. மேய்ச்சல் அழிந்து அலைந்துகொண்டிருந்த குடும்பங்களை ஓர் ஆழ்குழாய்க் கிணற்றைச் சுற்றிக் குடியமர்த்த வேண்டும். அவர்களுக்கு அந்த மண்ணிலேயே வீடு. வெளியே தரை கொதித்தாலும் உள்ளே மனிதன் படுத்துத் தூங்க முடிய வேண்டும். அதற்கு மின்சாரம் கேட்கக் கூடாது, மரம் கேட்கக் கூடாது. வாசுதேவன் வரைந்த வீடு எளிமையானது. முழங்கை நீளத்தை விடத் தடித்த மண்சுவர். பகல் வெயில் அந்தச் சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்; அப்போது வெளிக்காற்று குளிர ஆரம்பித்திருக்கும். உச்சியில் சிறு திறப்புகள். சூடேறிய காற்று அவற்றின் வழியே போய்விடும். கூரையும் மண் கற்களால் வளைத்துக் கட்டியதுதான். நல்ல வீடு. அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அதைச் சோதித்துப் பார்க்க, ஊர் ஓரத்தில் போருக்குப் பின் சும்மா கிடந்த சரக்குக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதற்குள்ளேயே முழு வீடு ஒன்றைக் கட்டினார்கள். மண்ணில் அந்த நாட்டு மண்ணில் உள்ள அளவுக்கு உப்பும் கலந்தார்கள். வீட்டைச் சுற்றிலும் சூட்டு விளக்குகள், காற்றூதிகள். பகலெல்லாம் பாலைவனம். மாலையில் கொட்டகைக் கதவுகளைத் திறந்துவிட்டால் ஜெர்மன் குளிர் உள்ளே வந்து பாலைவன இரவைச் செய்து கொடுக்கும். பனி கொட்டும் நாட்களில் தொழிலாளர்கள் மதிய ரொட்டியை அங்கே எடுத்து வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தின்றார்கள். “சஹாராவுக்குப் போய்ட்டு வரேன்” என்பது அங்கே சாப்பாட்டு வேளையைக் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால் யாரும் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிடவில்லை. வெளியே, விளக்குகளின் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். வெளியேதான் கதகதப்பு.

மண்சுவருக்கு வருஷத்துக்கு ஒருமுறை புதுமண் பூச வேண்டும். பணம் கொடுக்கும் அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஆடு மேய்த்தவர்கள் பூச மாட்டார்கள், பூசத் தேவையில்லாத சுவர் கொடுங்கள் என்றார்கள். வாசுதேவன் கொடுத்தார். கோழிக்கூண்டுக் கம்பிவலையைச் சுவர்மேல் அடித்து, அதன்மேல் சிமெண்ட் கலந்த பூச்சு. விரல் கனம்தான். மாதிரி வீட்டின்மேல் செயற்கை மழையைப் பீய்ச்சினார்கள். தண்ணீர் வழுக்கி ஓடியது. சுத்தியால் தட்டினார்கள், சுத்திதான் திரும்பி வந்தது. ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் ஹார்ட்விக் அதற்கு ‘வாசுதேவன் பூச்சு’ என்று பெயரிட்டார். தன் பெயர் ஒரு பொருளுக்கு வைக்கப்படுவது எந்த மனிதனையும் கொஞ்சம் மாற்றிவிடும். வாசுதேவன் அந்த வாரம் சாந்தாவுக்கு ஒரு குளிர் கோட்டு வாங்கிக் கொடுத்தார். காரணம் சொல்லவில்லை.

1969-ல் குடியிருப்பு எழத் தொடங்கியது. தளப் பொறியாளராகப் போனவர் சுந்தரராஜன். கிண்டியில் வாசுதேவனோடு ஒரே அறையில் இருந்தவர்; இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் வாசுதேவன்தான். புது மனைவி கண்மணியையும் அழைத்துக்கொண்டு, முதல் வரிசையில் முடிந்த முதல் வீட்டிலேயே குடியேறினார். ‘கட்டினவனே குடியிருக்கான்னா ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்’ என்று அவர் சொன்னதை ஹார்ட்விக் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் கண்மணி பிரசவத்துக்காக டார்ம்ஸ்டாட் வந்தாள். குடியிருப்பில் டாக்டர் இல்லை. ஊருக்குப் போகும் தூரத்தில் பாதிதான் ஜெர்மனி. வாசுதேவன் தம்பதியின் இரண்டு அறைகளில் ஒன்று அவளுடையதாயிற்று. கலகலப்பான பெண். வீட்டில் சத்தம் வந்தது. சாந்தாவின் முகமே மாறிப்போயிற்று.

ஒருநாள் காலை மூவரும் சமையலறையில் தோசை தின்றுகொண்டிருந்தார்கள். கண்மணி ஜன்னல் வழியே கீழே பார்த்தாள்.

“எப்படிக்கா இருக்கீங்க, மூணாவது மாடியில? காலைல எந்திரிச்சா வாசல் தெளிக்க ஒரு வாசல் இல்ல.”

“தெளிச்சுத்தான் பாரேன்” என்றாள் சாந்தா. “கீழ் வீட்டுக் கிழவி போலீஸைக் கூப்பிட்டுடுவா. மாடிப்படியைக் கூட வாரத்துக்கு ஒருதரம், அவ சொல்ற கிழமையில, அவ சொல்ற துணியாலதான் துடைக்கணும்.”

“எங்க பாலைவனத்துல அந்தக் கஷ்டம் இல்ல. தினம் ஒரு வாளி. கிணத்துத் தண்ணி ஆடு குடிக்கும், நமக்கு வாய்ல வெக்க முடியாத உப்பு; குடிக்கறதுக்கு லாரியில வரும். வேற எதுக்கு ஆகும்? வாசல்ல தெளிச்சுட்டு மிச்சத்தை சுவத்துல அடிச்சு விட்டுடுவேன். என்ன ஜில்லுனு இருக்கும் தெரியுமா! பக்கத்து வீட்டு ஹலீமா முதல்ல என்னைப் பைத்தியம்னு நினைச்சா. அப்புறம் அவளும் ஆரம்பிச்சா. இப்ப எங்க தெருவே தெளிக்குது. இவர் சொல்வார், ‘சஹாராவுல மார்கழி கொண்டாந்துட்டே’ன்னு.”

சாந்தா சிரித்தாள். வாசுதேவன் கையில் தோசை விள்ளல் அப்படியே இருந்தது.

“சுவத்துல எவ்வளவு உயரம் படும்?”

“என்னண்ணா?”

“தண்ணி. சுவத்துல எந்த உயரத்துக்கு?”

“அளந்தா அடிப்பாங்க? முழங்கால் உயரம் இருக்கும். ஏன், தண்ணிக்கும் வரி போடப் போறீங்களா?”

“எவ்வளவு நாளா தெளிக்கறே?”

“நாங்க குடிபோன நாள்லேர்ந்துதான். அண்ணா, தோசை ஆறுது.”

அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கொட்டகைக்குப் போய் அந்த வீட்டின் முன் நின்றார். சுவரில் ஒரு கீறல் இல்லை. மூன்று வருஷமாக அதன்மேல் வெயில் அடித்திருக்கிறார்கள், காற்று ஊதியிருக்கிறார்கள், மழையைப் பீய்ச்சியிருக்கிறார்கள். ஒருவரும் அதில் குடியிருக்கவில்லை. ஒரு பாத்திரம் அங்கே கழுவப்படவில்லை. ஒரு குழந்தை அங்கே குளிக்கவில்லை. ஒரு பெண் அதன் வாசலில் வாளியோடு நிற்கவில்லை. வீட்டுக்குச் செய்ய வேண்டிய எல்லாச் சோதனைகளையும் செய்துவிட்டு, வாழ்வதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

வெறும் மண்சுவருக்குத் தண்ணீர் பெரிய தீங்கு அல்ல. நனையும், வெயிலில் காய்ந்துவிடும். ஆனால் பூச்சுக்குப் பின்னால் போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. மண்ணின் உப்பும் தண்ணீரின் உப்பும் அங்கேயே கரைந்து, சூட்டில் மறுபடி இறுகி, ஒவ்வொரு நாளும் மண்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று நெம்பிப் பிரிக்கும். பூச்சு மட்டும் கல்லாக நிற்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. கடைசி நிமிஷம் வரைக்கும் தெரியாது.

டாக்டர் ஹார்ட்விக் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல, முட்டாளும் அல்ல.

“ஹெர் வாசு, ஒரு பெண்மணி சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். சரி. கடிதம் எழுதி நிறுத்தச் சொல்லுங்கள்.”

“தெருவே ஊத்துதாம். நிறுத்தினாலும் உள்ளே போன உப்பு திரும்பி வராது.”

“நீங்கள் பயப்படுவது நடந்திருக்கலாம். நடக்காமலும் இருக்கலாம். வசந்தத்தில் அமைச்சர் வந்து இரண்டாம் பகுதியைத் திறந்து வைக்கிறார். சமையலறைப் பேச்சு ஒன்றை நம்பிக் குடியிருப்பையே காலி செய்யச் சொல்ல என்னால் முடியாது. இங்கே செய்து காட்டுங்கள். சுவர் விழுந்தால் அன்றே தந்தி அடிக்கிறேன்.”

மறுப்பதற்கு இடமில்லாத பதில். வாசுதேவன் தெளிப்பதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போட்டுவிட்டு, போனை முன்பதிவு செய்து சுந்தரராஜனைப் பிடித்தார். இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

“என்னடா, பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கே?”

“அது இல்லை. உன் வீட்டுப் பூச்சைக் கொஞ்சம் வெட்டிப் பார்க்கணும். அடிப்பக்கம். சாணளவு போதும்.”

“உன் பூச்சையா? நானா?” அவர் சிரித்தார். “சரிடா, சரி. வெட்றேன்.”

இரண்டு நாள் கழித்துத் தந்தி வந்தது: வெட்டிப் பார்த்தாயிற்று, சுவர் கல்லாக இருக்கிறது. ஹார்ட்விக் அதைப் படித்துவிட்டு வாசுதேவனின் தோளில் தட்டினார். வாசுதேவன் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். பட்டதாகத்தான் சாந்தாவிடம் சொன்னார். ஆனாலும் சோதனையை ஆரம்பித்தார்.

முதல் நாள் கண்மணியையே கொட்டகைக்கு அழைத்துப் போனார். எவ்வளவு தண்ணீர், எப்படி வீசுகிறாள் என்று பார்க்க வேண்டும். அவளிடம் ‘ஒரு டெஸ்ட்’ என்று மட்டும் சொல்லியிருந்தார். சாந்தாவின் கோட்டு பொத்தான் போட முடியாமல் விரிந்து நிற்க, அவள் உப்புத் தண்ணீர் வாளியோடு வாசல் முன் நின்று, கையால் அள்ளி அள்ளி வீசினாள். மிச்சத்தைச் சுவரின் காலில் சளாரென்று கொட்டினாள். கொட்டகையின் மேஸ்திரி ரூடி, வாயில் சிகரெட்டோடு பார்த்துக்கொண்டிருந்தான். எதையோ சொல்லிவிட்டுச் சிரித்தான்.

“என்னண்ணா சொல்றான் இந்தாளு?”

“சுவருக்கு ஞானஸ்நானம் பண்றியான்னு கேக்கறான்.”

“ஆமான்னு சொல்லுங்க. பேர் வெக்கறப்ப அவனையும் கூப்பிடறேன்.”

மொழிபெயர்த்ததும் ரூடி தொப்பியைக் கழற்றித் தலை வணங்கினான். அவர்களுக்குப் பின்னால், தண்ணீர் பட்ட இடத்தில் பூச்சின்மேல் ஆவி எழுந்து அடங்கியது. சுவர் காய்ந்துவிட்டது போலத்தான் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் வாசுதேவனே தெளித்தார். தெளிப்பதற்கு முன் விரல் முட்டியால் சுவரின் அடியைத் தட்டிக் கேட்பார். கார்த்திகை முடியும்போது ஓரிடத்தில் பூச்சை வெட்டிப் பார்த்தார். ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். ‘ஈரம் என்பது நோய் அல்ல’ என்றார் ஹார்ட்விக். வெட்டிய இடத்தை மூடினார்கள். இன்னொரு முறை வெட்டினால் காற்றுப் போய்ச் சோதனையே கெட்டுவிடும். இனிக் காதுதான் கருவி. வாரங்கள் போயின. கொட்டகைக்கு வெளியே பனி குவிந்தது. உள்ளே விளக்குகள் எரிந்தன. காற்றூதிகள் ஒரே ஸ்தாயியில் முனகின. தொழிலாளர்கள் எப்போதோ சாப்பாட்டை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு ரூடி, “உங்கள் தட்டலைக் கேட்டுக்கொண்டு ரொட்டி இறங்க மாட்டேன் என்கிறது” என்றான்.

மார்கழி நடுவில் கண்மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல மறுபடி போன். சுந்தரராஜன் கத்தியது போன் இல்லாமலே கேட்டிருக்கும். பேச்சு முடியப்போகும் நேரத்தில் வாசுதேவன் கேட்டார்:

“டேய், அன்னிக்கு வெட்டினியே, எந்தப் பக்கம் வெட்டினே?”

“எது? ஓ, அதுவா. பின்பக்கம். முன்னால வெட்டினா வாசல் அசிங்கமாயிடாதா? மினிஸ்டர் வேற வராரு...”

பின்பக்கம் யாரும் தெளித்ததே இல்லை. வாசுதேவன் வாயைத் திறப்பதற்குள் இரைச்சல் பெருகி லைன் அறுந்தது. அன்று மாலை வரைக்கும் முயன்றும் கிடைக்கவில்லை. முன்பக்கம் வெட்டு என்று தந்தி கொடுத்தார். பதில் வந்தது: வெள்ளையடித்து முடிந்துவிட்டது, திறப்பு விழா கழிந்ததும் வெட்டுகிறேன், கவலை வேண்டாம். கண்மணிக்கும் குழந்தைக்கும் மாசியில் கிளம்ப விமான டிக்கெட் வந்துவிட்டது. சுந்தரராஜன் குழந்தையைப் பார்க்கத் துடித்தார். கண்மணி சின்னச் சின்னச் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

இனி எல்லாம் அந்தக் கொட்டகைச் சுவரில் இருந்தது. அது விழுந்தால் அவர்கள் போக மாட்டார்கள், சுந்தரராஜன் வெளியே வருவார், தெரு காலியாகும். விழாவிட்டால், அவர்கள் போவார்கள். ஒருவேளை அங்கேயும் ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். விழாமல் நிற்பதுதான் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளவும் இடம் இருந்தது. ஒவ்வொரு காலையும் தட்டுவார். சில நாள் சத்தம் மந்தமாக இருக்கும். மறுநாள் அதே இடம் கெட்டியாகப் பேசும்.

பொங்கல் கழிந்து வந்த திங்கட்கிழமை அப்படித்தான் இருந்தது. அன்று அவர் வீடு திரும்பியபோது சாந்தா குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு என்னாச்சு?”

“கெட்டியா இருக்கு. முழுக்கத் தட்டிப் பார்த்தேன். கல்லு.”

“அப்ப நல்லதுதானே?” அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். “மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

வாசுதேவன் போய்க் கை கழுவினார். குழாயின் மேலிருந்த கண்ணாடியில் அந்த முகம் இருந்தது. ஏமாந்துபோன முகம். அதை அவள் பார்த்துவிட்டாள் என்பது ஒன்று. அதற்கு முன்னால், கொட்டகையிலேயே, சுவர் கெட்டியாகச் சத்தம் கொடுத்த அந்த நொடியில், நெஞ்சுக்குள் ஏதோ சரிந்ததை அவரே கவனித்திருந்தார் என்பது இன்னொன்று. அது யாருக்காகச் சரிந்தது? குழந்தை போகப்போகிறதே என்றா? தான் சொன்னது பொய்யாகிறதே என்றா? பிரித்துப் பார்க்க முயன்றார். முடியவில்லை. அன்றிலிருந்து குழந்தையை அவர் தூக்கவில்லை.

“அண்ணா ஏன்க்கா பாப்பாகிட்டயே வர மாட்டேங்கறார்? நான் ஏதாவது சொல்லிட்டேனா?” என்று கண்மணி கேட்டாள்.

“அவருக்கு அந்தச் சுவருதான் இப்ப புள்ள” என்றாள் சாந்தா. சிரிப்பதற்காகச் சொன்னது. இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

சுவர் விழுந்தது ஒரு மதிய வேளையில். கண்மணி கிளம்ப இன்னும் சில நாட்களே இருந்தன. வாசுதேவனும் ரூடியும் விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் பக்கத்தில் பூச்சில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. அதன் வழியே மண் கசியத் தொடங்கியது. சரியாமல், உடையாமல், ஓட்டை விழுந்த மூட்டையிலிருந்து மாவு கொட்டுவது போல, சத்தமே இல்லாமல் கொட்டிக்கொண்டே இருந்தது. ரூடி வாசுதேவனின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். மண்ணெல்லாம் இறங்கிய பிறகும் பூச்சு மட்டும், உள்ளே ஒன்றும் இல்லாமல், வெள்ளை வெளேரென்று ஒரு கணம் நின்றது. அப்போதும் அதில் வேறு கீறல் இல்லை. பிறகு மேலிருந்த சுமை எல்லாம் ஒன்றாக இறங்கியது. முன்சுவரும் கூரையின் முன்பாதியும் தரையில் கிடந்தன.

தூசி அடங்கியபோது ரூடி, “கடவுளே” என்றான்.  வாசுதேவன் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று ரூடியைப் பின்னாளில் பலர் கேட்டார்கள். தூசி இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை என்பான்.

ஹார்ட்விக் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வந்து பார்த்தார், மண்ணை ஒரு பிடி எடுத்து விரலிடுக்கில் விட்டார், போய்த் தந்தி அடித்தார். தூதரகத்தையும் பிடித்தார். முதல் வரிசை அன்றே காலியாயிற்று. சுந்தரராஜன் தன் வாசல் பக்கத்துப் பூச்சை உளியால் கொத்தினார். மறுநாள் லைன் கிடைத்தபோது அவர் குரல் வேறாக இருந்தது.

“முழங்கை வரைக்கும் கை உள்ளே போச்சுடா. சுவரே இல்லை. வெறும் ஓடு. அதுக்குள்ளதான் படுத்துக்கிட்டு இருந்தேன்.”

“வெளியே வந்துட்டீங்க இல்ல? எல்லாரும்?”

“வந்துட்டோம். கூடாரத்துல இருக்கோம்.” பிறகு சுந்தரராஜன் குரலைத் தாழ்த்தினார். “வாசு, ஒண்ணு சொல்லணும். அப்ப அது லாரி இடிச்சதுன்னுதான் நினைச்சோம். முந்தின நாள் ஒரு லாரி அங்க ரிவர்ஸ் எடுத்துச்சு. போன்ல சொன்னா கண்மணி கலங்குவாளேன்னு விட்டுட்டேன்.”

“என்ன சொல்றே?”

“பக்கத்து வீடு. ஹலீமா. சுவரு விழுந்து... போயிட்டாடா. அவ மட்டும்தான் உள்ளே இருந்தா.”

“எப்போ?”

“போன மாசம். பொங்கல் கழிச்சு வந்ததே ஒரு திங்கக்கிழமை, அன்னிக்கு காலைல.”

வாசுதேவன் போனை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கண்மணியிடம் அவரே சொன்னார். சாந்தா தடுத்தும் சொன்னார். கண்மணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கொட்டகைக்குத் தன்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்திருக்க வேண்டும்.

“நான்தானே அவளுக்கு...”

“இல்லம்மா” என்றார் வாசுதேவன். “தண்ணி ஒண்ணும் பண்ணாது. வெறும் மண்ணா இருந்தா காஞ்சுட்டிருக்கும். பூச்சு என்னுது.”

அவள் தலையாட்டினாள். ஏற்றுக்கொண்டாளா என்று சொல்ல முடியாது. அதன் பிறகு அவள் அந்த வீட்டில் பேசிய பேச்சு குறைவு. வசந்தத்தில் சுந்தரராஜனே வந்து மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். குடியிருப்பில் பெய்த முதல் மழையில், யாரும் இல்லாத அந்த முதல் வரிசை, ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்தது என்று செய்தி வந்தது.

ஆய்வுக்கூடம் வாசுதேவனைக் கைவிடவில்லை. குடியிருப்பைத் திருத்தும் வேலைக்கு அவரையே தலைவராக்கியது. பூச்சு ஒழிந்தது. சுவரின் காலுக்குக் கல் அடுக்கு, அதன்மேல் வெறும் மண், வருஷத்துக்கு ஒருமுறை பூச்சு வேலை, அதை ஊராரே கூடிச் செய்ய ஒரு ஏற்பாடு என்று எல்லாவற்றையும் அவர்தான் வகுத்தார். புதிதாகக் கட்டும் எந்த மாதிரி வீட்டிலும் ஒரு குடும்பம் ஒரு வருஷமாவது குடியிருந்து பார்க்க வேண்டும் என்ற விதியும் அவருடையதுதான். இந்த முறை எதற்கும் யாரும் அவர் பெயரை வைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கானவர்களை அவர் காப்பாற்றியதாக ஹார்ட்விக் கூட்டங்களில் சொல்வார். கணக்குப்படி அது சரிதான்.

கொட்டகையில் விழுந்தது வீட்டின் முன்பாதி. பின்சுவரும், பக்கச்சுவர்களின் பாதியும், கூரையின் ஒரு துண்டும் நின்றுகொண்டிருந்தன. ரூடி சுற்றிலும் கயிறு கட்டி, உள்ளே போகக் கூடாது என்று பலகை தொங்கவிட்டிருந்தான். மூன்று மாதம் அதற்குத் தெளித்த ஈரம் தரைக்கடியில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கோடையில் இடிப்பதாக ஏற்பாடு.

சித்திரை பிறந்த பிறகு ஒருநாள் காலை வாசுதேவன் ரூடியை உதவிக்குக் கூப்பிட்டார். ஆய்வுக்கூடத்து அறையிலிருந்து தன் எழுதும் மேசையை இருவரும் வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். கயிறு வரைக்கும் வந்து ரூடி நின்றுவிட்டான். வாசுதேவன் கயிற்றை அவிழ்த்தார். மேசையைத் தானே ஒரு முனையும் மறுமுனையுமாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“ஹெர் வாசு, இது என்ன வேலை? வெளியே வாருங்கள்.”

அவர் வரவில்லை. ஹார்ட்விக் ஆணையாகவே எழுதி அனுப்பினார். பிறகு தானே வந்து கயிற்றுக்கு வெளியே நின்று கெஞ்சினார். எத்தனை மாதம் இப்படி உட்காருவீர்கள் என்று கேட்டார். சாந்தா வந்தாள். தமிழில் கேட்டாள், கோபமாகக் கேட்டாள், அழுது கேட்டாள். “எதுக்குங்க? யாருக்கு என்ன நிரூபிக்கறீங்க?” நல்லவர்களுக்குக் காரணம் தெரிந்தால் போதும், மன்னித்துவிடுவார்கள். அவர் காரணம் தரவில்லை, அன்றும் சரி, பிறகு வந்த வருஷங்களிலும் சரி.

கோடை வந்தது. இடிக்க வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பினார். வேலையில் ஒரு குறையும் இல்லாததால் ஆய்வுக்கூடமும் மெல்லக் கேட்பதை நிறுத்தியது. காலையில் வருவார், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்ட இழுத்துப் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வரைபடத்தைப் பிரிப்பார். சுவரைத் தட்டிப் பார்க்க மட்டும் அவர் கை ஒருநாளும் போகவில்லை.